தூங்கி எழுந்த கண்

கண் தெரிகிற மனிதனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது எவ்வளவு பெரிய கூத்து என்பது இருசம்மாளுக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றின் மாடி வராந்தா. விடிந்தும் விடியாத நேரம். ராசாங்கம் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். எழுந்திருந்தான் என்றால் உடம்புதான் எழுந்திருந்தது. கண்ணைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஓங்குதாங்கான ஆள், வேப்பந்தட்டையிலிருந்து அரியலூருக்கு பஸ் ஓட்டுகிறவன், பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடைபழகும் பிள்ளை மாதிரி அடியெடுத்து வைத்தான். எதிரே வந்த நர்ஸ் ஒருத்தி ஒதுங்கி வழிவிட்டு, பாவம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். அது காதில் விழுந்து ராசாங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டான். இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

வராந்தாவின் கோடியில் ஒரு இருட்டறை. அதில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு மிஷின். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே குருநாதன் டாக்டர் உட்கார்ந்து, எல்லாம் தயாரானதும் திறக்கச் சொல்வார். கோடு கிழித்தாற்போல ஒரு வெளிச்சம் கண்ணில் விழும். டாக்டர் ஒரு திருகை மெல்ல மெல்லத் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தி, நம்பரைப் பார்ப்பார். கருவிழிக்கு மேலே கண்ணாடி போல இருக்கிற தோல் எவ்வளவு தடிமன் என்பதை அந்த நம்பர் சொல்லிவிடும். முந்தின நாள் சாயங்காலம் அளந்ததைவிட ராத்திரி தூங்கியதில் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதுதான் கணக்கு. தூங்கி எழுந்த கண்ணை முதல் முதலாகத் திறக்கும்போதே அளந்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கண்மூடி ஊர்வலம் எல்லாம்.

குருநாதன் டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். எதையும் நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்கிற நல்ல குணம் அவருக்கு. அந்த நல்ல குணமே பின்னால் வினையாகவும் முடிந்தது. கண்ணின் மேல்தோல் வெளிக்காற்றைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறது. கண்ணை மூடித் தூங்கினால் காற்று குறைந்து கொஞ்சம் நீர் கோத்துக்கொள்ளும். அது எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்றார். அதன்மேல் ராசாங்கத்துக்கு வைத்திருக்கிற மாதிரி லென்ஸும் உட்கார்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கோக்கும். நூற்றுக்குப் பத்து தடித்தால் பொறுத்துக்கொள்ளலாம். பதினைந்தைத் தாண்டினால் லென்ஸோடு தூங்க விடமுடியாது. விட்டால் என்றைக்காவது கண் புண்ணாகி, உள்ள பார்வையும் போய்விடும்.

ராசாங்கத்துக்கு முதல் மாதம் பதினேழு வந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். எடுத்துவிடுவோம் என்ற சொல்லிலேயே இருசம்மாள் பயந்துவிட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ராசாங்கத்தின் இடது கண் சின்ன வயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. ஆள் வருவது தெரியும், வருவது யார் என்று தெரியாது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் லாரியில் கிளீனராக இருந்து, வண்டி பழகி, எப்படியோ லைசென்ஸ் வாங்கி, பஸ் டிரைவர் ஆனான். எப்படி வாங்கினாய் என்று கேட்டால் சிரிப்பானே தவிர சொல்லமாட்டான். அவன் அப்பா கருப்பண்ணன் பண்ணை வீட்டில் ஏர் ஓட்டி, அந்தக் களத்திலேயே விழுந்து செத்தவர். அவர்கள் தெருவிலிருந்து ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள் ராசாங்கம்தான். பண்ணை வீட்டு ஆட்கள் ரோட்டோரம் நின்று கையை நீட்டுவார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பது இவன் காலில் இருந்தது. எப்போதும் நிறுத்தத்தான் செய்வான். ஆனால் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி இருக்கும், தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவான். அவர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறுவார்கள். அந்த இரண்டு பாகத்தைச் சொல்லிச் சொல்லி அந்தத் தெருவே சிரித்தது.

எல்லாம் எண்பத்திரண்டாம் வருஷத்தோடு போயிற்று. அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு முன்னால் போன ஒரு லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்து, திறந்திருந்த முன்கண்ணாடி வழியாக வந்து, வலது கண்ணில் அடித்தது. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஆறு மாதத்தில் அந்தக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்து புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டி அடிப்பாகம் போல ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஆனால் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்திலிருந்து வருகிற ஆள் பூமியிலிருந்து முளைத்த மாதிரி திடீரென்று முன்னால் நிற்பான். தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினால் செம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல் மூடிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் பஸ்ஸில் எவன் ஏறுவான் என்று கேட்டு, முதலாளி அவன் கையில் வாளியைக் கொடுத்தார். தான் ஓட்டிய பஸ்ஸை வேறொருவன் ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்த, இரண்டு வருஷம் அதைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் அவன் வாயைத் திறந்து பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிறகுதான் இந்த லென்ஸ் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. ஈரமான மீன் செதிள் மாதிரி இருக்கும், கண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தினமும் ராத்திரி கழற்றி, கொதிக்க வைத்து, காலையில் போடுகிற லென்ஸ்தான் முதலில் பேச்சில் இருந்தது. டீசலும் கிரீஸுமாக இருக்கிற கை, பஸ்ஸிலேயே படுத்துத் தூங்குகிற பிழைப்பு, இதில் அதெல்லாம் ஆகிற காரியமா. அதனால் ராப்பகலாகக் கண்ணிலேயே கிடக்கிற லென்ஸைக் கொடுத்தார்கள். மாதம் ஒரு தரம் டாக்டரே எடுத்துச் சுத்தம் செய்து வைப்பார். புது விஷயம் என்பதால் இனாம். பதிலுக்கு மாதா மாதம் வந்து ஒரு ராத்திரி தங்கி, கண்ணை அளக்கக் கொடுக்க வேண்டும். லென்ஸ் வைத்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைப் பலகையை விலையோடு சத்தம் போட்டுப் படித்தான் ராசாங்கம். டீக்கடைக்காரரே வெளியே வந்து பார்த்தார். அந்த வாரமே முதலாளி பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படி வந்ததை எடுத்துவிடலாம் என்றால் அவள் பயப்படாமல் என்ன செய்வாள்.

பதினேழு வந்த அன்றே டாக்டர் ஒன்றைச் செய்து காட்டினார். ராசாங்கத்தை அங்கேயே உட்காரவைத்து, நேரம் விட்டு நேரம் மறுபடி மறுபடி அளந்தார். பத்து மணிக்கெல்லாம் நம்பர் நாலைந்துக்கு வந்துவிட்டது. "பாருங்க, கண்ணைத் தெறந்து வச்சிருந்தாலே தண்ணி தானா வடிஞ்சிடுது" என்று அவர் உற்சாகமாகச் சொன்னார். சொன்ன மனிதர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். ராசாங்கம் அந்தப் பேச்சை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினான்.

அடுத்த மாதம் அவன் தூங்கவில்லை. இருசம்மாள் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தாள். எப்போது விழித்துப் பார்த்தாலும் அவன் கால் இரண்டும் தரையில் இருந்தன. நர்ஸ் வரும் சத்தம் கேட்டால் கால் மேலே போகும், சத்தம் போனதும் கீழே வரும். விடியற்காலையில் ஆயா எழுப்ப வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒன்றும் தெரியாதவன் போலத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். நம்பர் நாலு. டாக்டர் நம்பாமல் மறுபடியும் அளந்தார். பிறகு அவன் பக்கம் பார்க்காமல் இவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ராத்திரி நல்லாத் தூங்குனாராம்மா?"

"தூங்குனாருங்க."

யாரும் சொல்லிக்கொடுத்து அவள் அதைச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் விடிகாலையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த வாய் அது, வேறு என்ன சொல்லும். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கண் பழகிக்கொண்டுவிட்டது என்றார். அதற்கடுத்த இரண்டு மாதமும் அதே கூத்து, அதே கேள்வி, அதே பதில். இப்போது இருசம்மாளும் கூடமாட உதவி செய்தாள். அவன் தலை ஆடினால் தொடையில் கிள்ளுவாள். ஆடு மேய்க்கப் போய்த் தொலைந்துபோன தன் மாமன் கதையை மெல்லிய குரலில் நீட்டி முழக்குவாள். சின்ன விஷயம்தானே, மாதத்தில் ஒரு ராத்திரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்ற ராத்திரிகளில் அந்தக் கண் என்ன ஆகிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. மனுஷ மனம் அப்படித்தான், வேண்டாததை யோசிக்காது.

மற்ற ராத்திரிகளில் அவன் பஸ்ஸில் தூங்கினான். கடைசி டிரிப் முடிந்து வேப்பந்தட்டையில் வந்து நிற்கிற பஸ் அங்கேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்து, விடிவதற்கு வெகு முன்னாலேயே அரியலூர் ரயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராசாங்கமும் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தான்.

மாசி மாதம் அரியலூரில் இருசம்மாளின் சித்தி சின்னம்மாள் இறந்துபோனாள். சேதி வந்ததும் விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறினாள் இருசம்மாள். புருஷன் ஓட்டுகிற முதல் டிரிப்பில் அவள் அதுவரை போனதில்லை. முன்னால், டிரைவருக்குச் சற்றுப் பின்னே இடதுபுறம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் பழனிவேல் அவளைப் பார்த்ததும் ஒரு மாதிரி விழித்தான். அண்ணியா, நீங்களா என்று கேட்டுவிட்டு, டிக்கெட் போடப் போகாமல் இன்ஜின் மூடியின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, ராசாங்கத்தின் தோள் பக்கம் குனிந்து நின்றுகொண்டான். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். பின்னால் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஊரைத் தாண்டி இன்ஜின் சத்தம் சீரானதும் அவன் பேசுவது காதில் விழுந்தது.

"அண்ணே, வளைவு வருது. எடது பக்கம் ஒரு வண்டி மாடு. ஆங், தாண்டியாச்சு. எதுக்க லாரி, லைட்டு ரெண்டும் எரியுது, நீ ஓரமா வா, வா, இன்னும் வா."

லாரி வெளிச்சம் உள்ளே பாய்ந்தபோது ராசாங்கம் ஒரு கையை முகத்துக்கு நேரே தூக்கினான். பஸ் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அவன் ஓட்டவில்லை, பழனிவேலின் வாய் ஓட்டிக்கொண்டிருந்தது. இருசம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. எழுந்து கத்தலாமா என்று பார்த்தாள். கத்தினால் நாற்பது பேருக்கும் தெரியும். தெரிந்தால் இன்றோடு ஸ்டீரிங் போச்சு. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாசியில் சோளம் அறுப்பு. கதிரை அறுத்துத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளின் சக்கரமே மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். திருட்டுக்குப் பயந்து கதிருக்குப் பக்கத்திலேயே, ரோட்டின் ஓரத்திலேயே, சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். தலைமாட்டில் இரண்டு கல். அதைப் பார்த்து டிரைவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பழனிவேலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பெரம்பலூருக்கு முன்னால், பின்சீட்டில் ஒரு பெரியவர் டிக்கெட் கேட்டு அவனைச் சத்தம் போட்டு அழைத்தார். அவன் ஒரு நொடி திரும்பிப் பதில் சொன்னான். விளக்கு வெளிச்சத்தில் கல்லும் சாக்கும் நேர் எதிரே வருவதை இருசம்மாள் பார்த்தாள். சக்கரம் ஒதுங்கவில்லை.

"ஏங்க, ஆளு படுத்திருக்குங்க."

பிரேக் போட்ட வேகத்தில் கம்பியில் அவள் நெற்றி மோதியது. முன்சக்கரம் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாக்குக்குள்ளிருந்து ஒரு ஆள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தான். பஸ் தனக்காகத்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து டிரைவர் ஜன்னலைத் தட்டினான்.

"டிரைவரே, அந்தாண்ட ஓரம் சரியா மிதிபடல. ஒரு தடவ அது மேல ஏத்திட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்."

ராசாங்கம் அந்த ஓரமாக ஏற்றிக்கொண்டு போனான். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

பெரம்பலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பழனிவேலைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். மூன்று மாதமாக இப்படித்தான் என்றான். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறதாம், எல்லாம் புகை மூடினாற்போல இருக்கிறதாம், வெளுத்ததும் சரியாகிவிடுகிறதாம். அதுவரைக்கும் நானே கண்ணாக இருக்கிறேன் அண்ணி என்றான். அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது அவளுக்கு.

சாவு வீட்டில் சின்னம்மாளின் சொந்த மகள்களைவிட இருசம்மாள்தான் அதிகம் அழுதாள். சித்திமேல் இவ்வளவு பாசமா என்று ஊர் வியந்தது.

அடுத்த ஓய்வு நாளில் அவனோடு மல்லுக்கு நின்றாள். அவன் முதலில் சிரித்து மழுப்பினான், பிறகு கோபப்பட்டான். அந்த ஆள் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்க, சாகவில்லையே என்றான். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"நான் என்னதான் செய்யட்டும் புள்ள? மறுபடி வாளியத் தூக்கவா? இல்ல, பண்ண வூட்டுக் களத்துல போயி எங்கப்பன் நின்ன எடத்துல நிக்கவா? அதுக்கு அந்தச் சாக்குக்குள்ள நானே படுத்துக்கறேன்."

அவளால் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தாள். முதல் டிரிப்பை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் அவனைக் கேட்க வைத்தாள். வண்டியோடு தங்குகிறவன்தான் முதல் டிரிப் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் சொல், ஆள் இருக்கிறது என்று முதலாளி சொல்லி அனுப்பினார். சீக்கிரம் எழுந்தால் நீர் வடிந்துவிடுமே என்று, ஊர் அடங்கியிருக்கும்போதே போய் பஸ்ஸைத் தட்டி அவனை எழுப்பினாள். நாலே நாளில் பழனிவேல் வந்து கும்பிட்டான். அண்ணன் ஸ்டீரிங்கிலேயே கண் அசந்துவிட்டார், கண் மங்கினால் நான் சொல்லிவிடுவேன், தூங்கிப்போனால் நான் என்ன செய்வேன் என்றான். எழுப்பினால் தூக்கம், எழுப்பாவிட்டால் நீர். இரண்டு பக்கமும் அடைத்துவிட்ட வளையில் எலி மாதிரி முட்டிக்கொண்டு கிடந்தாள் இருசம்மாள். பங்குனி பிறந்ததும் அவன் கண் சிவந்தது. தூசி என்றான். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அளக்கிற நாள் வரட்டும் என்றான்.

அளக்கிற நாள் வந்தது. கிளம்பும்போது மாடத்தில் கிடந்த பழைய சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அன்று ராத்திரி வார்டில் ராசாங்கம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தூங்காமல் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் கெஞ்சினான். உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கிறது, நான் அசந்தால் பலமாகக் கிள்ளு, ரத்தம் வந்தாலும் பரவாயில்லை என்றான். அவள் சரி என்றாள். மாமன் கதையை ஆரம்பித்தாள். பாதியில் அவன் தலை சாய்ந்தது. அவள் கிள்ளினாள், நிமிர்ந்தான். மறுபடி சாய்ந்தது. கை அவன் தொடைக்குப் போய், அங்கேயே நின்றது. சிவந்த கண் மெல்ல மூடிக்கொள்வதைப் பார்த்தாள். கதையை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் குறட்டை விட்டான். அவன் தலையைத் தலையணையில் எடுத்து வைத்து, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ தடவை எழுப்பிவிடலாம் என்று நினைத்தாள். எழுப்பவில்லை.

ஆயா வந்து தோளைத் தட்டியபோதுதான் தூங்கிப்போனது அவனுக்குத் தெரிந்தது.  கண்ணை மூடியபடியே எழுந்து அவள் தோளைப் பிடித்தான். வராந்தா முழுக்க அவன் நகம் அவள் தோளில் பதிந்துகொண்டே வந்தது. 

நம்பர் இருபத்திரண்டு. டாக்டர் முகம் மாறியது. விளக்கை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது, புண் ஆரம்பித்துவிட்டது என்றார். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கண்ணே போயிருக்கும் என்று சொல்லி, அங்கேயே லென்ஸை எடுத்தார். ராசாங்கம் பிணம் போல உட்கார்ந்திருந்தான். டாக்டருக்கே அது பொறுக்கவில்லை. மருந்து போட்டு ஆறவைப்போம், இத்தனை மாதம் இவ்வளவு நன்றாக இருந்த கண், இது ஏதோ தூசியால் வந்ததாகத்தான் இருக்கும், ஆறினதும் மறுபடி லென்ஸ் வைத்துவிடலாம் என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ராசாங்கத்தின் முகத்தில் உயிர் வந்தது. தாடையைத் தூக்கி டாக்டரைப் பார்த்து, தெரியாத கண்ணால் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்காவிட்டால் இருசம்மாளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. பேசாமல் இருந்துவிடலாம். ஒரு மாதம் கழித்து லென்ஸ் வரும், பஸ் வரும், அவன் மறுபடி சிரிப்பான், பேசுவான். சாக்குக்குள் படுத்திருப்பவனும் வருவான்.

"அந்த நம்பரெல்லாம் நெசமில்லீங்க" என்றாள். "இங்க வந்த அன்னிக்கெல்லாம் இவரு தூங்கவே இல்லீங்க. மொத மாசமும் நேத்தும்தான் தூங்குனாரு. நாந்தான் தூங்குனாருன்னு பொய் சொல்லிட்டேங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மற்ற நாளில் எங்கே தூங்குவார், எழுந்து எவ்வளவு நேரத்தில் வண்டி எடுப்பார் என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பழனிவேல் பேரை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "உங்க கண்ண நம்பி இன்னும் நாலு பேர லென்ஸ ராத்திரியும் போட்டுக்கிட்டுத் தூங்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.  உடனே ஆளை அழைத்து அந்த நாலு பேரையும் வரவழைக்கச் சொன்னார். ராசாங்கத்துக்கு இனிமேல் லென்ஸ் கிடையாது என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது இருசம்மாள் துணியைப் பிரித்துப் பழைய கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தடவிப் பார்த்தான். எது என்று புரிந்ததும் கை நின்றுவிட்டது.

"வூட்ல கெளம்பறப்பவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க."

  அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தான். படிக்கட்டில் அவள் நீட்டிய கையைத் தொடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

கண் ஆறிவிட்டது. ஓரத்தில் ஒரு தழும்பு நின்றதே தவிர பார்வைக்குச் சேதமில்லை. முதலாளி வாளியைத் திருப்பிக் கொடுத்தார். இருசம்மாள் பண்ணை வீட்டுக் காட்டுக்குக் களையெடுக்கப் போனாள். அவன் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்றவர்களோடு பேசத்தான் செய்தான். தெருப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்துக் காட்டினான். பழனிவேல் வந்தால் டயர் எப்படி, பிரேக் எப்படி என்று விசாரித்தான்; தூரத்தில் வருகிற பஸ்ஸின் பலகையைச் சரியாகப் படித்தான். அந்தக் கண்ணாடி போட்டு எதையெல்லாம் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்தான். இருசம்மாளின் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. சோறு வைத்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பான். கண் இருக்கிறதே, அது போதும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். சில நாள் அந்த நினைப்பு போதும். பல நாள் போதாது.